சாகாத குடுவை

ஆயுத பூஜைப் பொரியைச் செல் வளர்க்கும் அறைப் பக்கம் கொண்டுவராதீர்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்? எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாது. ஆனால் ஆயுத பூஜை வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். இன்குபேட்டருக்குச் சந்தனம், மைக்ரோஸ்கோப்புக்குக் குங்குமம், வாசலில் பூசணிக்காய். வாயைக் கட்டி, கையை ஸ்பிரிட்டால் துடைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அறை அது. அதன் நிலைப்படியில் பொரியும் கடலையும் வெல்லமும் குவித்து, சாம்பிராணி போட்டு, ஆளாளுக்கு அள்ளி மென்றுகொண்டே உள்ளே போய் வந்தார்கள். அடுத்த வாரம் பார்த்தால் குடுவைகளில் பூஞ்சை பஞ்சு பஞ்சாகப் பூத்துக் கிடந்தது. வருடா வருடம் நடக்கிற கூத்துதான். அந்த வருடம் ஒரே ஒரு குடுவை பிழைத்தது. அதுவும் செத்துத் தொலைந்திருக்கலாம்.

நான் செல் வளர்ப்பவள் இல்லை. கணக்குக்காரி. கோவில்பட்டிப் பக்கம் பிறந்து, கணிதத்தில் எம்.ஃபில். முடித்து, அணு ஆராய்ச்சியில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு கடலோரக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். வந்த புதிதில் புதுப்பட்டினம் சந்தையில் மீன்காரம்மாக்களோடு சண்டை போட்டே என் பொழுது போயிற்று. அப்போதுதான் மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கணக்குத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. இறாலைக் கொல்லும் ஒரு வைரஸ், குடுவையில் வளர்க்கும் செல்லுக்குள் எப்படிப் பெருகுகிறது என்பதைச் சமன்பாடாக எழுத வேண்டுமாம். "வைரஸுக்கும் வாய்ப்பாடு கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்று என் கணவர் கிண்டலடித்தார். அவர் வாயை அடைப்பதற்காகவே போய்ச் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்த புதிது அது.

அங்கே செல் வளர்த்தவள் திருப்போரூருக்குப் பக்கத்து ஊர்க்காரி. என்னைவிட இளையவள், முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் அப்பா நெல் விளைந்த நிலத்தைத் தோண்டி, உப்பங்கழித் தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றி, இறால் குளங்கள் வெட்டினார். இரண்டு மூன்று அறுவடை அமோகமாக இருந்தது. அப்புறம் வந்தது வெள்ளைப் புள்ளி நோய். இறாலின் ஓட்டில் நொய் அரிசி ஒட்டினதுபோல் புள்ளி தெரியும். தெரிந்த சில நாட்களில் குளம் முழுக்கச் செத்து மிதக்கும், கரையில் காக்காய் கூடும். இந்தக் கரையோரத்தில் குளம் குளமாக அப்படித்தான் போயிற்று. மூடிவிட்டு மறுபடி நெல் போடலாம் என்றால் மண் உப்பேறிவிட்டது. அக்கம்பக்கத்தார் விற்றுவிட்டுப் போனார்கள். அவள் அப்பா மட்டும் விடாப்பிடியாகக் குஞ்சு வாங்கி விட்டுக்கொண்டே இருந்தார். அதுவும் சொல்லிவைத்ததுபோல் செத்துக்கொண்டே இருந்தது.

"இந்த சனியன் உள்ள பூந்து இன்னாதான் பண்ணுதுன்னு தெரிஞ்சிகினாத்தான்கா எனக்குத் தூக்கம் வரும்" என்பாள். அவள் அந்தப் படிப்புக்கு வந்ததே அதற்காகத்தான்.

எங்கள் வேலை இதுதான். அவள் இறாலின் சதையில் துளி எடுத்து, செல்களைப் பிரித்து, சத்துத் திரவத்தில் வளர்ப்பாள். அதில் வைரஸை விடுவாள். பிறகு அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, உயிருள்ள செல் எத்தனை, வைரஸ் எவ்வளவு என்று அளப்பாள். நான் அந்த எண்களை வாங்கி, நல்ல செல், வைரஸ் பிடித்த செல், வெளியே மிதக்கும் வைரஸ் என்று மூன்று சமன்பாடுகளாக்கிக் கம்ப்யூட்டரில் ஓட்டுவேன். வைரஸின் கோடு முதலில் இறங்கும். செல்லுக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் கிடக்கும். அப்புறம் விறுவிறுவென்று ஏறும். எவ்வளவு வேகமாகப் புகுகிறது, ஒரு செல்லை உடைத்துக்கொண்டு எத்தனை வெளியே வருகிறது என்பதெல்லாம் அந்த வளைவைப் பார்த்தே சொல்லிவிடலாம். இவ்வளவு சாவை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது.

வைரஸை அளக்கும் விதம்தான் கொடுமை. திரவத்தை மேலும் மேலும் நீர்க்கவைத்து உயிருள்ள இறால்களுக்கு ஊசி போட்டு, எவ்வளவு நீர்த்த பிறகும் சாகிறது என்று பார்க்க வேண்டும். வராந்தாவில் வரிசையாகப் பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கும். காலையில் அவள் அதில் செத்ததை எண்ணிக்கொண்டு வந்து என்னிடம் சொல்வாள், நான் கிராஃபில் ஒரு புள்ளி வைப்பேன். மத்தியானம் அந்த நாற்றத்தோடேதான் எங்கள் தயிர்சாதம்.

இன்னொரு தலைவலியும் இருந்தது. இறால் செல் குடுவையில் பெருகாது. மீன் செல் பெருகும், குரங்குச் செல் பெருகும், இது மட்டும் மாட்டேன் என்கிறது. எங்கெங்கோ பெரிய பெரிய ஆட்களெல்லாம் முயன்றும் நடக்கவில்லை. ஒன்றிரண்டு வாரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத் தானாகவே செத்துவிடும். ஆகவே செத்ததில் வைரஸ் கொன்றது எவ்வளவு, ஆயுசு முடிந்து போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதே என் பிழைப்பாகிவிட்டது.

அந்த ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவள் அப்பாவின் குளத்தில் மறுபடி நோய் விழுந்திருந்தது. எல்லாம் செத்த பிறகு அடியில் சில இறால்கள் உயிரோடு கிடந்தன. அவற்றில் ஒன்றிரண்டை அவள் ஈரத் துணியில் சுற்றி எடுத்துவந்து செல் பிரித்திருந்தாள். பூஜைப் பொரியால் பூஞ்சை வந்தபோது மற்றக் குடுவைகளைக் கொட்டிவிட்டு, அந்தக் குடுவையை மட்டும் கொட்ட மனம் வராமல், பூஞ்சைக்கான மருந்தைத் தாராளமாக ஊற்றி வைத்தாள். பூஞ்சை அடங்கிற்று. சில நாள் கழித்து என் அறைக்கு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, வாக்கா! பெருகுதுக்கா!"

"ஒழுங்காப் பாத்தியாடி?"

"எனக்கு இன்னா கண்ணா அவிஞ்சி பூட்ச்சி? நீயே வந்து பாரு!"

பார்த்தேன். உருண்டை உருண்டையாக, பளபளவென்று, நேற்று இருந்ததைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. எனக்கும் புல்லரித்தது, பொய் சொல்வானேன். தலைவர் கண்கலங்கிவிட்டார். "சரஸ்வதி கடாட்சம்மா" என்றார். அன்றைக்கே அதற்குச் சாகாத குடுவை என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் அப்பா தைப்பூசத்தன்று திருப்போரூர் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டு, ஆய்வுக்கூடம் முழுக்கப் பஞ்சாமிர்தம் கொடுத்தனுப்பினார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தச் செல்லில் வைரஸை விட்டுப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மடங்கு விட்டாள், பத்து மடங்கு விட்டாள். செல்கள் தம் பாட்டுக்குப் பெருகிக்கொண்டே இருந்தன. இதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா சும்மா இருப்பாரா? குளத்தில் தப்பித்த இறால்தானே அது, அதன் செல்லை வைரஸ் தொடவில்லை என்றால், தப்பித்த மற்ற இறால்களும் அப்படித்தானே என்று கணக்குப் போட்டார். மிச்சமிருந்தவற்றைத் தனிக் குளத்தில் வளர்த்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் கொடுத்து முட்டையிட வைத்து, அந்தக் குஞ்சுகளைக் கொண்டுவந்து தன் கடைசிக் குளத்தில் விட்டுவிட்டார்.

அந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டிப்போனாள். வழியெல்லாம் நிலத்தை வாங்கி மனை போடுகிறவர்கள் நட்ட கலர் கொடிகள். மற்றக் குளங்கள் காய்ந்து வெடித்து, உப்பு பூத்துக் கிடந்தன. ஒன்றில் மட்டும் தண்ணீர் இருந்தது.

"வாம்மா கணக்கம்மா. நாஸ்தா ஆச்சா?" என்றார் அவள் அப்பா. மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

கரையோரம் கயிற்றில் கட்டி ஒரு தட்டைத் தண்ணீருக்குள் இறக்கியிருந்தார். அதில் கொஞ்சம் தீனி வைத்து இறக்குவார்களாம். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் இறால் தின்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். நோய் வந்த இறால் முதலில் தீனியைத்தான் விடும். தூக்கிக் காட்டினார். துடைத்து வைத்ததுபோல் இருந்தது தட்டு, ஓரத்தில் இரண்டு பொடி இறால் துள்ளிற்று.

"பாத்தியா, இன்னா துன்னுது பாரு! சீக்கு அண்டாதுன்னு எம்பொண்ணு சொல்லிகினு கீறா. உன் கணக்கு இன்னாம்மா சொல்லுது?"

"இன்னும் பாக்கணும்ப்பா" என்றேன்.

"பாரு, பாரு. நல்லா பாரு. இந்தத் தபா தேறலைன்னா நானும் அந்தக் கொடிக்காரனுங்களாண்ட கையெழுத்துப் போட்டுட்டு, நாவலூர்ல எவன் கம்பெனி வாசல்லயாவது வாட்ச்மேனா குந்திக்க வேண்டியதுதான்" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

உண்மையில் என் கணக்கு அப்போதே முரண்டுபிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குடுவையின் எண்களைப் போட்டால் என் சமன்பாடுகள் ஒத்துவரவே இல்லை. வைரஸின் கோடு ஏறவில்லை, சரி, செல் எதிர்த்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறங்குகிற விதமும் சரியில்லை. எதிர்த்து நிற்கிற செல்லிலும் வைரஸ் ஒட்டவாவது ஒட்டுமே, கொஞ்சமாவது உள்ளே போகுமே! இங்கே அது ஆடாமல் அசையாமல் நேர்க்கோடாக இறங்கிற்று. செல்லே இல்லாத வெறும் திரவத்தில் வைரஸைப் போட்டு அளந்து கொடு என்று அவளிடம் கேட்டேன். முனகிக்கொண்டே கொடுத்தாள். இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். ஒரே கோடு; வைரஸ் தானாகச் சிதைந்து போவது மட்டும்தான். அந்த வைரஸைப் பொறுத்தவரை அந்தக் குடுவையில் எதுவுமே இல்லை.

செல் பெருகிய வேகமும் உதைத்தது. இறால் என்ன, எந்த விலங்கின் செல்லும் அந்த வேகத்தில் பெருகாது. போதாக்குறைக்கு ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் போய், குளிர்ச்சி நின்று, இன்குபேட்டர் வேகும் அளவுக்குச் சூடேறி, பக்கத்தில் இருந்த மீன் செல்லெல்லாம் செத்துப்போக, இது மட்டும் கும்மென்று இருந்தது. அது இறால் செல்லே இல்லை என்றால் அவள் அப்பா விட்ட குஞ்சுகளுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. தப்பித்த இறால் நோயை ஜெயித்த இறால் ஆகிவிடாது. பெரும்பாலும் நோயைச் சுமந்துகொண்டிருக்கும். அதன் குஞ்சுக்கும் அதையே கொடுக்கும்.

கிராஃபை அவளிடம் காட்டினேன். நான் நயமாகப் பேசுகிற ஆள் இல்லை. "இது இறாலே கிடையாதுடி, வேற என்னமோ" என்று நேராகப் போட்டு உடைத்தேன்.

அவள் முகம் செத்துவிட்டது. "உனக்கு இன்னாக்கா தெரியும்? நீ என்னிக்காவது ஒரு செல்லத் தொட்டுகீறியா? ரூம்ல குந்திகினு கோடு போடறவ!"

"தொட்டுப் பாக்காமலே எனக்குத் தெரியுதே, தொட்டுக்கிட்டே இருக்கிற உனக்குத் தெரியலையே!"

"போக்கா. பேஜார் பண்ணாத."

அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். எண்களை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள். நானும் வீம்புக்குப் பேசவில்லை. ஒரே வராந்தாவில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனோம். சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே குளத்தில் குஞ்சு வளர்ந்துகொண்டிருந்தது. தாங்க முடியாமல் நான்தான் போனேன்.

"ஒரே ஒண்ணு செஞ்சிடு. சத்துத் திரவம் வேண்டாம். வடிகட்டிக் காய்ச்சின கடல் தண்ணில கொஞ்சம் இறால் சதைச் சாறு விட்டு அதுல போடு. இறால் செல்லா இருந்தா செத்துரும். செத்துட்டா நான் உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கிறேன்."

"சாவும்கா. கண்டிப்பா சாவும்" என்றாள். தன் செல் சாக வேண்டுமென்று அவள் வேண்டிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

சாகவில்லை. இன்னும் நன்றாகப் பெருகியிருந்தது. அவள் அதில் ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, "அக்கா, நீந்துதுக்கா" என்றாள்.

நானும் பார்த்தேன். உருண்டைச் செல் ஒன்று உப்பி வெடித்தது. உள்ளேயிருந்து பொடிப்பொடியாக என்னவோ வாலை ஆட்டிக்கொண்டு நாலாபக்கமும் நீந்திப் போயிற்று.

"இறால் செல்லு நீந்தாது இல்ல?"

"நீந்தாதுடி."

தலைவரைக் கூப்பிட்டோம். ஒருமுறைதான் பார்த்தார். கடல் தண்ணீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரி அது, பார்வைக்குப் பூஞ்சை மாதிரி, ஆனால் பூஞ்சை இல்லை, இறாலின் உடம்போடு ஒட்டிக்கொண்டு குடுவைக்குள் வந்திருக்கிறது என்றார். பூஞ்சை மருந்து பொரியில் வந்த பூஞ்சையைக் கொன்றது. இறால் செல்லெல்லாம் வழக்கம்போல் தானாகச் செத்தன. இது மட்டும் அந்தச் செல்களையே தின்றுகொண்டு வளர்ந்திருக்கிறது. "பெரிய பெரிய ஆளுங்களே இதுல ஏமாந்திருக்காங்கம்மா" என்று அவள் தோளைத் தட்டினார். அவளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பட்டம் போயிற்று என்றுகூட அவள் நினைத்ததாகத் தெரியவில்லை.

"நைனாவாண்ட சொல்லணும்கா" என்றாள். "நீயும் கூட வா. எனக்கு வாய் வராது."

சொல்லிவிட்டால் ஏதாவது செய்யலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. நோய் தெரிவதற்குள் பிடித்துவிட்டால், சின்ன இறாலானாலும் ஏதோ கிடைக்கும். அவள் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, வழிநெடுக எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். கொடிகள் இன்னும் கிட்டே வந்திருந்தன. அவள் அப்பாவின் வரப்பை ஒட்டியே அளவுக்கல் நட்டுவிட்டார்கள்.

அவர் கரைமேல் நின்றிருந்தார். மொட்டை போட்ட தலையில் நன்றாக முடி வளர்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அட, ரெண்டு பேரும் இன்னா இந்நேரத்துல? கணக்கம்மா, கணக்கு முட்ச்சிட்டியா?"

வழியெல்லாம் யோசித்ததில் ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. மீன்காரம்மாக்களை வாயடைக்கிற நான் கல்லுபோல் நின்றேன். கடைசியில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"நைனா, அந்தக் குடுவைல கீது இல்ல..."

"இரு இரு, தட்டத் தூக்கிட்டு வந்துர்றேன். காலைல எறக்குனது" என்று குனிந்து கயிற்றை இழுத்தார்.

தட்டு மேலே வந்தது. தண்ணீர் வடிந்தது. தீனி வைத்தது வைத்தபடி இருந்தது. ஊறி உப்பி, ஒரு மணிகூடக் கலையாமல், தட்டு நிறைய. ஓர் இறால்கூட அதில் இல்லை.

அவர் அதை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். விரலால் தீனியைக் கிளறினார். எதிர்க்கரையில் இரண்டு காக்காய்கள் வந்து உட்கார்ந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவரும் பார்த்தார்.

"வெயிலு ஜாஸ்தி" என்றார் அவர். "பசிக்கல போல."

அவர் தட்டைக் கையில் பிடித்தபடியே மகள் பக்கம் திரும்பினார்.

"இன்னாமோ சொல்ல வந்தியே. குடுவைல இன்னா?"

"ஒண்ணும் இல்ல நைனா. அது நல்லா கீது. சாவல."

"அப்ப சரி" என்றார். தீனியை மாற்றாமலே தட்டை மறுபடி தண்ணீருக்குள் இறக்கினார்.